காற்றொழுங்கை

காஸ் சிலிண்டர் இல்லாமல் போன அந்த வருசம் புத்தளத்தில் விறகுக்கு மரியாதை வந்தது. சீமெந்தும் கடைகளில் காணாமல் போனதோடு கட்டட வேலைகள் நின்றன. கையாளாய்ப் போய்ப் பிழைத்துக்கொண்டிருந்த நான் கோடரி எடுத்தேன். என் ஊரான முந்தலுக்குப் போய்வர பஸ் ஒழுங்கில்லை. விறகு அடுக்கி விற்கிற கொட்டிலில், அந்த விறகுக் காலையிலேயே, சாக்கை விரித்துப் படுத்தேன். விடிந்ததும் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் யாராவது கூப்பிடுவார்கள். தென்னங்குற்றி, சவுக்கு, கால் உடைந்த கதிரை, உளுத்த அலுமாரிப் பலகை என்று எரியக்கூடிய எல்லாவற்றையும் ஊர் எரித்தது. பங்குனி வெயிலோடு புகையும் சேர்ந்து கண்ணைக் கரித்தது.

சாஹுல் ஹமீது நானாவின் வீட்டுக்கு அடிக்கடி போவேன். விறகு அங்கே அதிகம் இல்லை. பழக்கம்தான்.

அது வரிசை வீடுகளில் ஒன்று. கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்புக் கரையோரம், உப்புப் பாத்திகளுக்கு இந்தப் பக்கம், யுத்தம் முடிந்து சில வருசம் கழித்து ஒரு நிறுவனம் கட்டிக் கொடுத்தது. அதற்கு முன், யுத்தத்தில் ஊர் விட்டு வந்த அந்தச் சனங்கள் அதே நிலத்தில் கிடுகுக் கொட்டில்களில் கிடந்தார்கள். நிலம் சின்னத் துண்டு, குடும்பங்கள் கூட. ஆகவே தனித்தனி வீடாகக் கட்டாமல் தோளோடு தோள் ஒட்டி இரண்டு வரிசை வைத்தார்கள். இரண்டு வரிசையும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும். நடுவில் ஓர் ஒழுங்கை, களப்புப் பக்கம் வாய் திறந்தபடி. ஆள் நடப்பதற்காக அதை விடவில்லை, காற்று வருவதற்காக விட்டார்கள்.

சுவருக்குச் சூளையில் சுட்ட கல் வாங்கவில்லை. கிரவல் மண்ணில் கொஞ்சம் சீமெந்து கலந்து, இரும்புப் பெட்டியில் கொட்டி, நெம்புகோலை இழுத்து அமுக்கி எடுக்கிற கல். நெருப்பே காட்டுவதில்லை. ஈரச் சாக்கு மூடி நிழலில் வைத்தால் தானாக இறுகும். அந்த நெம்புகோலை இழுத்தவர்களில் நானும் ஒருத்தன். இப்போதும் மழைக்கு முன்னால் வலத் தோள் சொல்லும்.

வீடுகளை வரைந்தவர் பிரியந்தினி என்று ஒரு மிஸ், கொழும்பிலிருந்து வந்தவர். அத்திவாரம் வெட்டும்போது சனங்களைக் கூட்டி வைத்து அவர் விளங்கப்படுத்தியது ஞாபகம் இருக்கிறது.

"பின் அறைக்கு ஜன்னல் இல்லை. பின் சுவரே ஜன்னல்தான். கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் கட்டுவோம். களப்புக் காத்து ஒழுங்கையால வந்து கீழ் ஓட்டையால உள்ளே வரும். உள்ளே இருக்கிற வெக்கை கூரைக்குக் கீழே இருக்கிற ஓட்டையால வெளியே போகும். மத்தியானத்திலயும் விசிறி தேவைப்படாது. கரண்ட் பில் வராது. கல் சுடாததால புகையும் இல்லை. உலகம் சூடாகிக்கொண்டு போகுது, நாங்க கட்டுற வீடு அதைக் கூட்டக்கூடாது."

அப்போது ஒரு கிழவர் எழும்பிக் களப்புக்கு அப்பால் கையை நீட்டினார். அங்கே நுரைச்சோலைப் பக்கம் அனல் மின் நிலையத்துக் குழாய் வானத்தில் குத்திக்கொண்டு நின்றது.

"மிஸ், உலகத்த சூடாக்குறது நாங்களா? அந்தா அந்தக் குழாய்க்கிட்டப் போயும் ஒரு கூட்டம் வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். பிறகு ஒரு பெண் குரல், யாரென்று தெரியாது, மெதுவாகக் கேட்டது: "அப்ப மண் ஊடுதானா எங்களுக்கு?" அதற்கு மிஸ் நிறையப் பதில் சொன்னார். கேட்டவள் தலையை ஆட்டினாள். அவள் முகம் மாறவில்லை.

வீடு நல்ல வீடு. நான் அடித்த கல் என்பதற்காகச் சொல்லவில்லை. உப்பு வாரிவிட்டு வரும் நானாவோடு ஒரு மத்தியானம் அந்தப் பின் அறையில் பாய் போட்டுப் படுத்திருக்கிறேன். வெளியே தார் உருகியது. உள்ளே முதுகில் வேர்வை ஆறியது. நானாவின் மனைவி றம்லா அக்காவுக்கு அப்போதே மூச்சிழுப்பு வருத்தம் இருந்தது. கொட்டிலில் இருந்த காலத்தில் இரவெல்லாம் குந்தியிருந்து விடிய வைப்பாவாம். இங்கே வந்து படுத்து உறங்கினா. "கப்புறுக்குப் போற வரைக்கும் இந்த அறை எனக்குப் போதும்" என்று அந்த ஓட்டைச் சுவரைத் தடவிச் சொல்வா.

அவர்களுக்கு ஒரே மகள், மர்ஷூதா. அங்கே பெண்ணைக் கொடுக்கும்போது வீடும் கொடுக்கவேண்டும். நிக்காஹ் முடிந்தால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை வந்து இருப்பார், தாய் தகப்பன் பின் அறைக்கு ஒதுங்குவார்கள். ஒதுங்கிய பிறகு அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மருமகனின் வாயைப் பார்க்கவேண்டும். இப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் மீறின மாமனாரை நான் அந்தத் தெருவில் கண்டதில்லை.

மாப்பிள்ளை றிஸ்கான் ஏசி திருத்துகிற ஆள். நல்ல பிள்ளை. அவனுடைய தாய் ரபியா வீடு பார்க்க வந்த அன்று நான் முன்னுக்கு விறாந்தைப் படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். மனிசி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுவரை விரலால் சுரண்டிப் பார்த்தா. உள்ளே போனவ பின் அறையில் நின்று கூப்பிட்டது வெளியே கேட்டது.

"றம்லா, இது என்ன இது? சுவரெல்லாம் ஓட்டை! எண்ட மகனுக்கு ஊடு தாறீங்களா, புறாக்கூடு தாறீங்களா?"

"காத்துக்கு வச்சது தாத்தா. நல்லாக் காத்து வரும். ஒருக்கா இதில இருந்து பாருங்களே."

"காத்து வரும். பாம்பும் வரும், பக்கத்து ஊட்டான்ட கண்ணும் வரும். பூசாத சுவர் மண் சுவர்தானே? நாங்க இருவது வருசமா மண்ணுலதான் கெடந்தோம். எண்ட பேரப்புள்ளையும் மண்ணுல கெடக்கணுமா? செல்லுங்க பார்ப்போம்."

அவர்கள் பேச்சில் அக்கா ‘தாத்தா’, சொல்லுவது ‘செல்லுவது’. நானா சொன்னார்.

"பூசிடுவோம் தாத்தா. எல்லாத்தையும் பூசிக் கல் ஊடு மாதிரியே ஆக்கித் தாறேன். நீங்க நாளக் குறிங்க."

சிலாபத்திலிருந்து நிக்கொலஸ் பாஸ் வந்தார். முன் பல் இரண்டும் இல்லாத மேசன். சுவரைப் பார்த்ததும் சொன்னார்: "நானா, ஓட்டை அடைக்கிறதில என்னை வெல்ல ஆள் இல்லை. என்ட வாயில இருக்கிற ஓட்டைதான் எனக்கு அடைபடுதில்லை."

மழைக்கு முன் முடிக்கவேண்டும் என்று அவசரம். மணல் களப்புக் கரையிலிருந்து வந்தது. தண்ணீர் வாசல் கிணற்றுத் தண்ணீர். வாயில் வைத்தால் நாக்குத் திரும்பிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரை ஏன் எடுக்கவில்லை என்று யாரோ கேட்டதற்கு நானா சொன்னார்: "குடிக்கிற தண்ணியைக் கொண்டா சீமெந்து குழைக்கிறது? அது பாவம்." ஆயுள் முழுக்க உப்புக்குள் நின்று கால் வெடித்த மனிதர். உப்பு இரும்பைத் தின்னும், தோலைத் தின்னும் என்று அவருக்குத் தெரியும். சுவரையும் தின்னும் என்பது அந்த நேரம் அவருடைய மனதில் வரவில்லை. கல்யாணம்தான் மனதில் இருந்தது.

பின் சுவர் இரண்டு பக்கமும் பூசப்பட்டது. கூரைக்குக் கீழே இருந்த ஓட்டைகளும் அடைபட்டன. ஒழுங்கைக்குப் போகிற பின் கதவையும் எடுத்துவிட்டுக் கல் வைத்துக் கட்டி, அதற்கு முன்னால் மகளின் அலுமாரியை வைத்தார்கள். வெளியே வெளிர்பச்சைப் பெயின்ற். றிஸ்கான் கல்யாணத்துக்குத் தன் பங்காக முன் அறைக்கு ஒரு ஏசி கொண்டுவந்து மாட்டினான். அந்தத் தெருவுக்கு முதல் ஏசி அது. அது கொறகொறவென்று வெக்கையை வாசலுக்குத் துப்பும்போது பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று விளையாடின. ஒரு வருசத்துக்குள் அந்த வரிசையில் பூசாத சுவர் தேட வேண்டியதாயிற்று. பெண் பிள்ளை எல்லார் வீட்டிலும் இருந்தது.

பின் அறைக்கு ஒரு மேசை விசிறி வாங்கினார்கள். கரண்ட் இருந்தவரைக்கும் அது சுற்றியது. றம்லா அக்கா அதன் முன்னால் கிடந்தா. இழுப்பு முன்னைவிடக் கூடிற்று. சுவரின் அடிப்பகுதியில் பெயின்ற் கொப்பளித்து வெள்ளைத் தூள் பூத்தது. நானா வாரத்துக்கு ஒரு தடவை அதைத் தும்புத்தடியால் தட்டிவிடுவார்.

அப்புறம் அந்த வருசம் வந்தது. நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லை. களப்புக்கு அப்பால் குழாய் நின்றது, இங்கே மேசை விசிறி நின்றது. ஏசி திருத்துகிறவனுக்கு என்ன வேலை இருக்கும்? றிஸ்கான் வாடகை ஓட்டமாவது ஓடுவோம் என்று ஒரு பழைய முச்சக்கர வண்டியைப் பிடித்தான். அதற்குப் பெற்றோல் வேண்டும். பெற்றோல் செட் வரிசையில் வண்டியை விட்டுவிட்டு அதற்குள்ளேயே படுத்தான்.

நோன்பு தொடங்கியிருந்தது. நானா சஹர் சாப்பாடு முடித்து இருட்டோடு உப்புக்குப் போய், வெயில் ஏறுமுன் திரும்பி வருவார். வந்தவர் றம்லா அக்காவின் தலைமாட்டில் குந்தி, பழைய கொப்பி மட்டையால் விசுக்குவார். அக்காவால் நோன்பு பிடிக்க முடியாது. அதில் அவவுக்கு ஒரு வெட்கம். தண்ணீர் குடிக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வா.

"விட்டுட்டுப் படுங்க. கை நோகும்."

"ஒனக்கு என்ன? எண்ட கை."

"நோன்போட விசுக்கிறீங்க. அந்தப் பாவமும் எண்ட தலையிலயா?"

"பாவமில்ல புள்ள, நன்மைதான் ரெட்டிப்பு. ஒன்னால எனக்கு ஒரு நன்மையாவது வரட்டுமே."

அக்கா சிரிக்கப் பார்த்தா. சிரிப்பு பாதியில் இழுப்பாக மாறி, நெஞ்சு விசிலடித்தது. நான் கொல்லையில்லாத அந்த வீட்டின் முன்வாசலில் விறகு கொத்திக்கொண்டிருந்தேன். அந்த விசில் கோடரிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. பக்கத்து வீட்டு அடுப்புப் புகை முன்வாசலால் நுழைந்து, போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே நின்றது. முன் கதவைச் சாத்தினால் புகை வராது. வெக்கை ஆளைத் தின்னும்.

"நானா, பின் சுவரில ஒரு இடத்தை உடைச்சு விட்டா என்ன?" என்று நான் கேட்டேன். "கீழ் வரிசையில நாலு கல்லை எடுத்தாப் போதும். பழைய ஓட்டைதானே."

அவர் மட்டையை நிறுத்தவில்லை. "மருமகன்கிட்டக் கேக்கணும்."

"கேளுங்களேன்."

"கேக்க வேணாம்" என்று றம்லா அக்கா சொன்னா. சொல்லி முடிக்க மூன்று மூச்சு வேண்டியிருந்தது. "அவருட காதுல... போட்டா... மகள்ட மொகம் சுருங்கும்."

மர்ஷூதா குசினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எண்ட மொகத்துக்கு என்ன உம்மா? சுருங்கினா சுருங்கிட்டுப் போகட்டும். நானே அவருகிட்டச் செல்றேன்."

"நீ செல்லாத" என்றார் நானா. "பொண்டாட்டி வாயால வந்தா, மாமன் செல்லிக் குடுத்துச் செல்றாண்டுதான் நெனைப்பான். நானே போய்க் கேக்கிறேன்."

அன்று பின்னேரம் பள்ளிவாசலில் வாங்கிய நோன்புக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு நானா நடந்தார். நானும் கூடப் போனேன். பெற்றோல் செட்டிலிருந்து வண்டிகள் வளைந்து வளைந்து பழைய பள்ளிக்கூடத்தையும் தாண்டி நின்றன. மனிசர் வண்டி நிழலில் சாரம் கட்டியபடி சுருண்டு கிடந்தார்கள். றிஸ்கான் எங்களைக் கண்டு பாய்ந்து எழும்பினான்.

"மாமா! நீங்க என்னத்துக்கு இந்த வெயிலுக்குள்ள?"

"சும்மா. கஞ்சி கொண்டந்தேன்."

பக்கத்து வண்டிக்காரன் ஜெமீல் தலையை நீட்டினான். "பார்ரா, இவனுக்கு மாமன் கஞ்சி தூக்கிட்டு வாறாரு. நான் செத்தேனா இரிக்கிறேனாண்டு பார்க்கக்கூட எண்ட மாமன் வரல்ல."

"ஒண்ட மாமன் தப்பினேண்டு இரிப்பாரு" என்றான் றிஸ்கான். "நீ பெற்றோல் அடிச்சா ஊட்டுக்கு வந்துடுவாயே."

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம் கைக்குக் கை போயிற்று. எனக்கும் ஒன்று தந்தார்கள். கஞ்சியைச் சட்டி மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டு றிஸ்கான் கேட்டான்:

"மாமிக்கு எப்படி?"

"இரிக்கிறா."

"இழுப்பு?"

"கொஞ்சம். பரவால்ல."

நான் நானாவைப் பார்த்தேன். அவர் தூக்குச்சட்டியின் கைபிடியை நெளித்துக்கொண்டிருந்தார்.

"மருமகன்..."

"செல்லுங்க மாமா."

நானா தொண்டையைச் செருமினார்.

"கஞ்சிக்கு உப்புக் காணுமா?"

"காணும் மாமா. நல்லா இரிக்கி." றிஸ்கான் மூடியைத் துடைத்துக் கொடுத்தான். "மாமா, கரண்ட் ஒழுங்கா வரத் தொடங்கினா மாமிய முன் அறையில படுக்க வைப்போம். ஏசி போட்டா இழுப்பு நிக்கும். நானும் அவளும் வெளியில படுப்போம். மர்ஷூதாக்கிட்ட நேத்தே செல்லிட்டேன்."

"அல்லாஹ் ஒனக்கு நல்லது செய்யட்டும்" என்றார் நானா. அவ்வளவுதான். நாங்கள் திரும்பி நடந்தோம்.

உப்பு மேடுகள் தெரிகிற இடம் வந்ததும் நான் கேட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான். "அவன் நல்ல பொடியன். கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பான். ஏன் நானா கேக்கல்ல?"

"ஓம் எண்டிருப்பான். எனக்குத் தெரியாதா?" அவர் நிற்காமல் நடந்தார். "ஏசி பூட்டின அண்டைக்கு அவன் எண்ட கையப் புடிச்சிட்டு, 'மாமா, ஊடு எண்டா இதுதான் ஊடு' எண்டான். சிவம், எண்ட ஆயுசுல ஒருத்தன் எனக்கு அப்படிச் செல்லல்ல. கொட்டில்ல இருந்தவன், உப்பு வாரினவன் எண்டுதான் செல்லியிரிக்கிறாங்க. இப்ப நானே அவனுக்கு முன்னால போய், 'நான் தந்த ஊட்டுல மூச்சு விட ஏலாது, ஒடைக்கணும்' எண்டு செல்லவா?"

நான் தூக்குச்சட்டியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் வெள்ளென றம்லா அக்காவுக்கு இழுப்புக் கூடிற்று. முச்சக்கர வண்டி எல்லாம் வரிசையில். பழ வியாபாரியின் தள்ளுவண்டியில் பாயை விரித்து, நானாவும் நானும் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மர்ஷூதா குடை பிடித்து வந்தாள். அங்கே முகமூடி வைத்துப் புகை மருந்து கொஞ்சம் கொடுத்தார்கள். உறிஞ்சுகிற பம்ப் இல்லை, வெளியிலும் கிடைக்காது என்றார்கள். வார்ட்டில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். சின்ன வயசு டொக்டர், கண் சிவந்திருந்தது. நல்ல மாதிரித்தான் சொன்னார்: "இங்கே வச்சிருந்தா இதைவிடக் கூடும் ஐயா. புகை இல்லாத, காத்தோட்டமான இடத்தில வைங்க. அதுதான் இப்ப மருந்து."

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டிச் சில்லு கிறீச்சிட்டது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நானா என்னிடம் கேட்டார்:

"ஒண்ட உளியும் சுத்தியலும் எங்க?"

"விறகுக் காலையில கிடக்கு."

"எடுத்துட்டு வா."

நான் வரும்போது கரண்ட் போய்விட்டது. வெயில் உச்சியில் நின்றது. அக்காவை முன் அறையில் ஏசியின் கீழே சாய்த்துவைத்து, கதவைத் திறந்துவிட்டு, தூசி போகாமல் இடையில் நனைத்த சேலையொன்றைக் கட்டினாள் மர்ஷூதா. அவள் கேட்டாள்: "வாப்பா, அவருக்கு ஒரு கோல் எடுக்கட்டா?"

"எடு."

எடுத்தாள். அவனுடைய போனில் சார்ஜ் இல்லை. நானா அலுமாரியின் ஒரு பக்கத்தை அவரே பிடித்தார். இருவருமாக நகர்த்தினோம்.

பெயின்ற்றில் உளி வைத்ததும் பூச்சு பாளமாகக் கழன்று விழுந்தது. பலமாக அடிக்கத் தேவையே இருக்கவில்லை. உள்ளே இருந்த கல், நான் நெம்பி நெம்பி இறுக்கிய கல், நனைந்த சர்க்கரைக் கட்டி மாதிரி விரலுக்கு வந்தது. அடிவரிசை முழுக்க வெள்ளை பூத்துப்போய்க் கிடந்தது. நானா ஒரு விரலால் அதைத் தொட்டு, பழக்கத்தில் நாக்குக்குக் கொண்டுபோனார். நோன்பு ஞாபகம் வந்திருக்கவேண்டும், பாதியில் நிறுத்திச் சாரத்தில் துடைத்தார். "உப்பு" என்று மட்டும் சொன்னார்.

மேலே உள்ளது சரியாமல் ஒரு பலகையைக் குறுக்கே முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மிச்சத்தை எடுத்தேன். ஓர் ஆள் தலை போகிற அளவுக்குத் திறந்தது. அப்புறம் வெளிப்பூச்சையும் தட்டினேன். அது அந்தப் பக்கம் விழுந்த சத்தம் கேட்டது.

வெளிச்சம் வரும் என்று பார்த்தோம். வரவில்லை. ஆட்டுப் புழுக்கை நாற்றம் வந்தது. நானா குனிந்து ஓட்டைக்குள் கையை நுழைத்து விரலை விரித்துப் பிடித்தார். வெகுநேரம் பிடித்தார்.

"வருதா நானா?"

அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வந்து பாரு" என்றார். ஒழுங்கையைத்தான் சொன்னார்.

வரிசையின் ஓரத்தால் சுற்றிப் போனோம். ஒழுங்கையின் தெருப்பக்க முனையில் ஒரு தகரக் கதவு. அதைத் தள்ளி நுழைந்தால் உள்ளே ஒழுங்கையைக் காணவில்லை. பின் கதவு இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு துண்டை வளைத்திருந்தார்கள். ஒருவருக்குக் குசினி, ஒருவருக்குக் கக்கூஸ், ஒருவருக்கு ஆட்டுப்பட்டி, ஒருவருக்குத் தண்ணீர்த் தாங்கி. மேலே தகரமும் தார்ப்பாயும். பட்டிக்கும் தாங்கிக்கும் இடையால் உடம்பை ஒடுக்கித்தான் நானாவின் பின் சுவருக்கு வரமுடிந்தது. அங்கேயிருந்து களப்புப் பக்கம் எட்டிப் பார்த்தேன். காற்று நுழைய விட்டிருந்த அந்தக் களப்பு வாயில் ஒரு மாடி வீட்டின் முழுச் சுவர், சீமெந்தில், கூரைக்கு மேலாக எழும்பி நின்றது. அதுவும் யாரோ ஒரு மகளுக்குத்தான் இருக்கும்.

ஆடு ஒன்று எங்களைப் பார்த்து அசைபோட்டது. தார்ப்பாயின் விளிம்புகூட அசையவில்லை.

"இது எப்ப நடந்தது?" என்று நானா கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை. பின் கதவை அடைத்த பிறகு அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. "நான்தானே முதல்ல அடைச்சேன்" என்று பிறகு சொன்னார். "எனக்குப் பொறகுதானே எல்லாரும்."

"நானா, வாங்க. அக்காவைப் பள்ளி விறாந்தைக்காவது கொண்டுபோவோம்."

"அசர் தொழுகை முடியட்டும். வெயில் தாழட்டும். இந்த வெயில்ல இன்னொருக்கா வண்டியில வச்சா, போற வழியிலயே முடிஞ்சிடும்." அவர் சுற்றிப் பார்த்தார். யாருடைய குசினித் தகரத்திலோ அரிசி புடைக்கிற ஒரு சுளகு செருகியிருந்தது. அதை உருவினார். "நீ உள்ளுக்குப் போ. அவளை ஓட்டைக்கிட்டக் கொண்டாந்து படுக்கப் போடு. ஒண்டும் செல்லாத."

நானும் மர்ஷூதாவுமாக அக்காவைத் தாங்கி வந்து, தூசியைக் கூட்டி, ஓட்டைக்கு நேரே தலையணை வைத்துச் சாய்த்தோம். கண் மூடியிருந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது.

வெளியே சுளகு அசையத் தொடங்கியது. சரக், சரக் என்று சத்தம். ஆட்டு நாற்றத்தோடு ஒரு மெல்லிய காற்று உள்ளே வந்தது. அக்காவின் நெற்றி முடி அசைந்தது. மர்ஷூதா ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்தா.

"ஒடைச்சிட்டீங்களா?"

"ஓம் அக்கா."

"மருமகன்கிட்ட... கேட்டீங்களா?"

"கேட்டோம். ஓம் எண்டிட்டார்." அந்தப் பொய் எனக்குத் தானாகவே வந்தது.

"நல்ல புள்ள." அவ முகத்தை ஓட்டைப் பக்கம் திருப்பினா. காற்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அதற்கு ஏற்றாற்போல் அவவும் மூச்சை இழுத்தா. "காத்து வருது சிவம். முந்தி மாதிரியே வருது."

"வருது அக்கா."

"இவரு எங்க?"

நான் தலையணையை நேராக்கினேன்.

"கூப்பிடுங்க அவர." ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நெஞ்சு விசிலடித்தது. "நோன்போட... வெயில்ல திரியாம... இதில வந்து கொஞ்சம் சாயட்டும். அவருக்கும்... காத்துப் படட்டும்."

வெளியே சுளகு நின்றது. ஆட்டின் மூச்சுக்கூடக் கேட்டது.

பிறகு அது முன்னையைவிட வேகமாக அடிக்கத் தொடங்கியது.